அடுத்த வீட்டு மூச்சு

தனி வீட்டில் வாழ்கிறவருக்கு அண்டை வீட்டுக்காரர் வேலிக்கு அப்பால் இருக்கிறார். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்கிறவருக்கோ அவர் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் இருக்கிறார். நம் கூரை மேல்வீட்டுக்காரருக்குத் தரை. நம் தரை கீழ்வீட்டுக்காரருக்குக் கூரை. கதவைச் சாத்திக்கொண்டு, 'இனி நான் தனி' என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தண்ணீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் அந்தத் தனிமையை ஒப்புக்கொள்வதில்லை. காற்று அதைக் கொஞ்சமும் ஒப்புக்கொள்வதில்லை.

அதனால்தான் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், 'இந்தக் கட்டடத்துக்குள் யாரும் புகை பிடிக்கக் கூடாது' என்று ஒரு தீர்மானம் வந்தால் சபை இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. தண்ணீர் லாரிக் கணக்கையும் லிஃப்டு பழுது பார்த்த செலவையும் அரைத் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

"கடன் வாங்கிக் கட்டிய வீடு, சார். என் வீட்டுக்குள் நான் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று சொல்ல இவர்கள் யார்?" என்று கேட்கிறார் ஒருவர்.

"நீங்கள் விடுகிற புகை உங்கள் வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டால் உங்களை யார் கேட்கப் போகிறார்கள்?" என்று மற்றொருவர் பதில் சொல்கிறார்.

இரண்டும் நியாயமான கேள்விகள். ஒரு மனிதனுடைய சுதந்திரம் எந்த இடத்தில் முடிகிறது, மற்றொரு மனிதனுடைய உரிமை எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற பழைய வழக்கு இது. சிகரெட் ஒரு சாக்கு.

அந்த வழக்குக்கு எல்லைக் கல் நட்டவர்களில் முக்கியமானவர் ஆங்கிலத் தத்துவ ஆசிரியர் ஜான் ஸ்டூவர்ட் மில். சுதந்திரத்தைப் பற்றி 1859-இல் அவர் எழுதிய சிறு நூலில், ஒருவனுடைய சொந்த நன்மையைக் காரணம் காட்டி அவனைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் சமூகத்துக்கு இல்லை என்று வாதாடினார். பிறருக்குத் தீங்கு நேராமல் தடுப்பதற்கு மட்டுமே அந்த அதிகாரம் உண்டு என்றார். இதை ஏற்றுக்கொண்டால் சங்கக் கூட்டத்தில் எழும் பேச்சில் பாதி அடிபட்டுப் போகிறது. "சிகரெட் உடம்புக்குக் கெடுதல், அதனால் தடுக்கிறோம்" என்று யாரும் சொல்வதற்கில்லை. அவருடைய உடம்பு, அவருடைய கெடுதல். புத்தி சொல்லலாம், தீர்மானம் போட முடியாது. அந்தப் புகையால் அடுத்தவருக்கு என்ன நேர்கிறது என்ற கேள்வி ஒன்றுதான் மிஞ்சுகிறது.

மில் எழுதிய நாளில் அந்தக் கேள்விக்கு உறுதியான விடை இல்லை. புகையை நாற்றம் என்றும் அநாகரிகம் என்றும் மட்டுமே சொல்ல முடிந்தது. நாற்றம் சகித்துக்கொள்ள வேண்டிய விஷயமாகவே வெகு காலம் இருந்தது. விடை வந்தது ஜப்பானிலிருந்து. 1981-இல் ஹிரயாமா என்ற ஜப்பானிய ஆராய்ச்சியாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். புகை பிடிக்காத 91,540 மனைவியரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. அதிகமாகப் புகை பிடிக்கும் கணவருடன் வாழ்ந்த பெண்கள், தாங்கள் ஒரு சிகரெட்டைக்கூடத் தொடாமலே, மற்றப் பெண்களைவிட அதிகமாக நுரையீரல் புற்றுநோய்க்கு ஆளானார்கள் என்று அது காட்டியது. சிகரெட் வியாபாரிகள் அதை வலுவாக எதிர்த்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அதற்குப் பக்கபலமாகவே நின்றன. 2006-இல் அமெரிக்க அரசாங்கத்தின் தலைமை மருத்துவ அதிகாரி வெளியிட்ட அறிக்கை இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொன்னது. பிறர் விடும் புகையில், 'இவ்வளவு வரை ஆபத்தில்லை' என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்தோ, விசிறியைச் சுழல விட்டோ ஒரு கட்டடத்துக்குள் அந்த ஆபத்தை அடியோடு போக்கவும் முடியாது.

ஆகவே மில் கேட்ட தீங்கு உண்மையாகவே இருக்கிறது. ஆனால் சட்டம் வீட்டு வாசற்படி வரை வந்து நின்றுவிடுகிறது. நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டமும், 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த விதிகளும் அலுவலகம், உணவு விடுதி, சினிமாக் கொட்டகை, ரயில் நிலையம் போன்ற பொது இடங்களைத்தான் காக்கின்றன. வீடு பொது இடமன்று. பெரும்பாலான மக்கள் அரசாங்கம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் வாழும் சிங்கப்பூரில், 2013-ஆம் ஆண்டிலிருந்து குடியிருப்புகளின் மாடிப்படியிலும் நடைபாதையிலும் புகை பிடிக்கத் தடை இருக்கிறது. வீட்டு ஜன்னலோரத்திலும் பால்கனியிலும்கூடத் தடுக்க வேண்டும் என்று 2020-இல் அந்த நாட்டு நாடாளுமன்றத்தில் குரல் எழுந்தபோது, அது மக்களின் அந்தரங்கத்தில் தலையிடுவதாகும் என்று அரசாங்கம் தயங்கியது. அந்தத் தயக்கம் வெறும் கோழைத்தனமன்று. வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் அரசாங்கம் சிகரெட்டோடு நின்றுவிடும் என்று யார் உத்தரவாதம் தர முடியும்?

ஜெர்மனியில் இதே தகராறு அந்த நாட்டின் உச்ச சிவில் நீதிமன்றம் வரை போயிற்று. பிரெம்னிட்ஸ் என்ற சிறு நகரத்தில் ஒரே கட்டடத்தில் இரண்டு தம்பதிகள் வாடகைக்குக் குடியிருந்தார்கள். மேல் பால்கனியும் கீழ் பால்கனியும் ஒன்றின் மேல் ஒன்று. கீழே இருந்த தம்பதி பால்கனியில் உட்கார்ந்து புகை பிடிக்க, மேலே இருந்த தம்பதி தங்கள் பால்கனியில் உட்கார முடியாமல் தவித்தார்கள். கீழ்க் கோர்ட்டுகள் வழக்கைத் தள்ளுபடி செய்தன. உச்ச நீதிமன்றம் 2015-ஆம் ஆண்டு ஜனவரியில் வேறு விதமாகச் சிந்தித்தது. இவருக்கும் பால்கனி உண்டு; அவருக்கும் பால்கனி உண்டு. புகையால் விளையும் தொல்லை பெரியது என்று நிரூபணமானால், புகையில்லாமல் ஒருவர் உட்கார்ந்து இருக்கச் சில மணி நேரமும், மற்றவர் புகை பிடிக்கச் சில மணி நேரமும் ஒதுக்கிக்கொள்ள வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். வழக்கு மறு விசாரணைக்காகக் கீழே திரும்பியது.

குழாயடியில் முறை வைத்துத் தண்ணீர் பிடித்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பு வேடிக்கையாக இராது. மிகவும் பழகிய ஏற்பாடாகத் தோன்றும். திறந்த வெளியில் அதுவே போதும் என்று நானும் நினைக்கிறேன். பால்கனிப் புகை காற்றில் கலைகிறது. இருவரில் எவரும் தம் வீட்டை இழக்கவில்லை. ஆனால் மூடிய மாடிப்படியிலும், கழிவறைக் காற்றுப் போக்கி வழியாகவும், கதவிடுக்கு வழியாகவும் உள்ளே வருகிற புகைக்கு முறை வைக்க முடியுமா? ஆஸ்துமா உள்ள குழந்தையிடம், 'மாலை 6 முதல் 8 வரை மூச்சு விடாதே' என்று சொல்ல முடியுமா?

இங்கே நம்முடைய பழைய பழக்கம் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். "அந்தக் காலத்தில் இந்தச் சட்டமெல்லாம் ஏது? மரியாதை இருந்தது. அதுவே போதுமாக இருந்தது" என்று பலர் பெருமூச்சு விடுகிறார்கள். மரியாதை இருந்தது உண்மைதான். சென்னையில் ஒண்டுக் குடித்தனங்கள் நிறைந்திருந்த நாட்களில், ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல குடும்பங்கள் வாழ்ந்தன. அந்த வீட்டு வாலிபன் வீட்டுக்குள் சிகரெட்டை எடுக்க மாட்டான். தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போவான். கடையில் தொங்கும் கயிற்று நெருப்பில் பற்ற வைத்துக்கொள்வான். தூரத்தில் சித்தப்பாவோ வாத்தியாரோ வந்தால் சிகரெட் உள்ளங்கைக்குள் மறையும். அல்லது செருப்புக்கு அடியில் போகும். விரல் சுட்டாலும் முகம் மாறாது. இந்தக் காட்சியை எத்தனை கதைகளில் படித்திருக்கிறோம்! எத்தனை தெருக்களில் பார்த்திருக்கிறோம்!

ஆனால் அதே வீட்டுத் திண்ணையில் அந்தச் சித்தப்பா சுருட்டுப் பிடித்துக்கொண்டிருப்பார். அவர் யாருக்கு மறைக்க வேண்டும்? அவர்தான் பெரியவர் ஆயிற்றே! கூடத்தில் தூளி ஆடும். தூளிக்குள் இருக்கும் குழந்தைக்கு மூச்சு உண்டு, மரியாதை கிடையாது. அடுப்பங்கரையிலிருந்து வரும் மனைவிக்கும் அப்படித்தான். நம் பழக்கம் புகையைப் பெரியவர்கள் கண்ணிலிருந்து மறைத்தது. சிறியவர்கள் மூக்கிலிருந்து மறைக்கவில்லை. அது அந்தஸ்தைக் காத்தது. மூச்சைக் காக்கவில்லை.

இதைப் பழைய கதை என்று விட்டுவிடலாமா? 2009-10-இல் இந்தியாவில் நடந்த கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் 52 சதவிகிதம் பேர் வீட்டிலேயே பிறர் புகைக்கு ஆளானார்கள் என்று தெரிந்தது. 2016-17-இல் அது 39 சதவிகிதமாகக் குறைந்தது. குறைந்தது நல்ல செய்தி. ஆனாலும் பத்துப் பேரில் ஏறக்குறைய நான்கு பேர்! பொது இடத்தில் முன்பின் தெரியாத ஒருவருக்காக அணைக்கப்படும் சிகரெட், வீட்டில் சொந்த மனைவி மக்களுக்காக அணைக்கப்படுவதில்லை.

இன்றைய சங்கக் கூட்டங்களிலும் அந்தப் பழைய பழக்கம் வேறு உடையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. வாட்ச்மேன் கேட்டருகே பீடி பிடித்தால் அன்றைக்கே கண்டிப்பு; இரண்டாம் முறை வேலை போகும். டிரைவர்கள் வண்டி நிறுத்தும் இடத்தில் புகை பிடித்தால் அறிவிப்புப் பலகையில் சிவப்பு எழுத்து. நாலாவது மாடியில் வீட்டுச் சொந்தக்காரர் பால்கனியில் நின்று பிடித்தால், 'அவரிடம் எப்படிச் சொல்வது?' என்று செயலாளர் நெளிகிறார். வாடகைக்கு இருப்பவருக்குச் சொல்ல முடிகிற வார்த்தை, சொந்தக்காரரிடம் வரும்போது தொண்டையில் நின்றுவிடுகிறது. பீடிப் புகையும் சிகரெட் புகையும் நுரையீரலுக்குள் போகும்போது இது யாருடைய புகை என்று கேட்டுக்கொண்டா போகின்றன?

இது நம் ஊர்க் குறை மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் மத்திய அரசின் வீட்டு வசதித் துறை 2016-இல் ஒரு விதி செய்தது. ஏழைகளுக்காக நடத்தப்படும் பொதுக் குடியிருப்புகளில் வீட்டுக்குள்ளும் புகை பிடிக்கக் கூடாது. கட்டடத்திலிருந்து 25 அடி தூரம் வரையிலும் கூடாது. 2018 ஜூலை முடிவுக்குள் 9 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் இந்த விதிக்குள் வந்தன. குழந்தைகளும் முதியவர்களும் நிறைந்த அந்தக் கட்டடங்களில் எத்தனையோ பேருக்கு அது நிம்மதி தந்திருக்கும். ஆனால் அங்கே எழுந்த ஆட்சேபம் ஒன்று மனத்தைத் தைக்கிறது. பணக்காரன் தன் சொந்த மாளிகையில் இஷ்டம்போல் புகை விடலாம். சலுகை வாடகை வீட்டில் இருக்கும் ஏழைக் கிழவி மட்டும் பனிக்காலத்தில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு 25 அடி நடக்க வேண்டுமா? விதி சரியானதுதான். ஆனால் அந்தக் கிழவியின் கேள்வியும் சரியானதுதான்.

ஆகவே நான் கேட்க விரும்பும் கேள்வி இதுதான். ஒரு தடையை ஆதரித்தாலும் எதிர்த்தாலும், நாம் எண்ணிப் பார்ப்பது மூச்சையா, அந்தஸ்தையா?

இந்தக் கேள்வி வேறொரு சிக்கலையும் அவிழ்க்கிறது. புகைத் தடைக்கு எதிராகப் பேசுகிறவர்கள், "இன்றைக்குச் சிகரெட், நாளைக்கு மீன் குழம்பா?" என்று கேட்கிறார்கள். அதைக் கேலி என்று தள்ளிவிடக் கூடாது. அசைவம் சமைப்பவருக்கு வீடு இல்லை என்று சொல்லும் குடியிருப்புகள் நம் நகரங்களில் உண்டு. அவர்கள் சொல்லும் காரணமும், 'வாடை வருகிறது' என்பதுதான். வார்த்தை ஒன்றே. விஷயம் ஒன்றல்ல. மீன் வறுபடும் வாடையால் ஒருவருக்கு மனம் சுளிக்கலாம். அடுத்த வீட்டுக் குழந்தையின் நுரையீரல் புண்ணாவதில்லை. அங்கே காக்கப்படுவது மூச்சு அன்று. ஆசாரம் என்று பெயர் சூட்டிக்கொண்ட அந்தஸ்து. அதே அளவுகோலால் நம் பூஜை அறையையும் அளக்கத்தான் வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் வாசலில் போடும் சாம்பிராணிப் புகை எதிர்வீட்டு ஆஸ்துமாக்காரரைத் திணற அடித்தால், 'இது தெய்வ காரியம்' என்று சொல்லித் தப்ப முடியாது. தெய்வம் கதவைச் சாத்திக்கொண்டு போட்ட சாம்பிராணியையும் ஏற்றுக்கொள்ளும்.

இனி, கடினமான இடத்துக்கு வருவோம். கதை எழுதுகிறவனுடைய வழக்கப்படி ஒரு கட்டடத்தைக் கற்பித்துக்கொள்கிறேன். லிஃப்டு இல்லாத பழைய கட்டடம். மூன்றாவது மாடியில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர். மனைவி போய்விட்டாள், மகன் வெளிநாட்டில். முழங்கால் வலி, படி இறங்கினால் ஏறுவது தவம். ஐம்பது ஆண்டுகளாக அவரோடு இருக்கும் துணை சிகரெட் ஒன்றுதான். எதிர்வீட்டில் ஆறு வயதுப் பெண் குழந்தை. இரவில் இழுப்பு வந்தால் தாய் அதை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறாள். ஒரு நாள் அவள் கதவைத் தட்டுகிறாள். "ஐயா, உங்களைக் குறை சொல்ல வரவில்லை. குழந்தைக்குத் தாங்கவில்லை" என்கிறாள். "நான் எங்கே அம்மா போவேன்?" என்கிறார் அவர்.

பெரியவராலும் நகர முடியாது. குழந்தையாலும் நகர முடியாது. வயதுக்கு மரியாதை என்றால் அவர் பக்கம். பரிதாபம் என்றால் இருவர் பக்கமும். தீர்ப்புச் சொல்லாமல் நழுவிவிடலாம். ஆனால் நழுவுவதும் ஒரு தீர்ப்புத்தான்; அது எப்பொழுதும் குழந்தைக்கு எதிரான தீர்ப்பு. ஏனென்றால் ஒன்றும் செய்யாவிட்டால் புகை வந்துகொண்டே இருக்கும்.

என் முடிவு இது. அந்த வீட்டுக்குள் புகை நிற்க வேண்டும். பெரியவர் இழப்பது ஓர் ஆறுதல். குழந்தை இழப்பது மூச்சு. ஆறுதலுக்கு மாற்றுத் தேடலாம்; மூச்சுக்கு மாற்று இல்லை. ஆகவே அந்தக் கட்டடத்தில் தீர்மானம் வந்தால் நான் கை தூக்குவேன்.

ஆனால் கையைத் தூக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்க எனக்கு உரிமை இல்லை. அந்தப் பெரியவரிடமிருந்து நாம் ஒன்றை வாங்கியிருக்கிறோம். விலை கொடுக்க வேண்டும். கட்டடத்தின் பின்புறம், ஜன்னல்களுக்கு எட்டாத இடத்தில், வெயிலும் மழையும் படாமல் ஒரு கூரையும் ஒரு நாற்காலியும் போட வேண்டும். அந்தச் செலவைப் புகை பிடிக்காதவர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும். தரை மட்டத்தில் காலியாகும் வீட்டை அவருக்கு மாற்றித் தர முடியுமா என்று பார்க்க வேண்டும். சில மாதம் அவகாசம் தர வேண்டும். பழக்கத்தை விட உதவும் இலவசத் தொலைபேசி எண் 2018-ஆம் ஆண்டிலிருந்து சிகரெட் உறையின் மேலேயே அச்சாகி வருகிறது. ஆனால் தனிமையில் இருக்கும் கிழவர் அந்த எண்ணைச் சுழற்றப் பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டியிருக்கும். அவர் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போட்டு அவமானப்படுத்தக் கூடாது. பழக்கம் பிடித்த மனிதன் குற்றவாளி அல்லன். நிகோட்டின் என்ற வஸ்து அவன் விருப்பத்தைக் கேட்டுக்கொண்டு அவனைப் பிடித்து வைத்திருக்கவில்லை.

இவை யாவும் தயவு அல்ல, கடன். தடை வேண்டும் என்று ஓட்டுப் போட்டவர்களின் கடன். இந்தக் கடனைச் செலுத்தாத சங்கம் நல்ல காரியத்தைச் செய்தும் கெட்ட பெயர் வாங்கும். அந்தப் பெயர் அதற்குத் தகும்.

தீர்மானத்தில் இன்னொரு வரியும் இருக்க வேண்டும். வாட்ச்மேனுக்கும் தலைவருக்கும், வாடகைக்காரருக்கும் சொந்தக்காரருக்கும் அது ஒன்றாகவே பொருந்தும் என்ற வரி. வாட்ச்மேனுக்கும் அந்தக் கூரையின் கீழ் ஒரு நாற்காலி உண்டு என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம். அந்த வரியைச் சேர்க்கும்போது எத்தனை கைகள் கீழே இறங்குகின்றன என்று எண்ணிப் பார்த்தால், அந்தக் கட்டடத்தில் எத்தனை பேர் காற்றைப் பற்றிக் கவலைப்பட்டார்கள் என்பது தெரிந்துவிடும்.